ஒரு பகல், ஓர் இரவு, ஒரு கூடாரம்: சவுத் டவுன்ஸ் வே நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் தெற்கே, கடலுக்குச் சில மைல் தள்ளி, வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. நீளத்துக்கு ஒரு நடைபாதை ஓடுகிறது. பெயர் சவுத் டவுன்ஸ் வே. முழுவதும் நடக்க எட்டு, ஒன்பது நாள் பிடிக்கும். அவ்வளவு விடுப்பு யாருக்குக் கிடைக்கிறது? அதனால் அதிலிருந்து ஒரே ஒரு நாளுக்கான துண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மேற்கே அடுர் ஆற்றுப் பாலம், கிழக்கே ஹவுஸ்டீன் பண்ணை. பகலில் நடை, இரவில் கூடாரம், மறுநாள் காலை ரயில். இந்தத் துண்டை மூன்று முறை நடந்திருக்கிறேன். ஒரு முறை நல்ல வெயில், ஒரு முறை நல்ல மழை, ஒரு முறை இரண்டும். அதைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

நடப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? கட்டணம் உண்டா?

யாரிடமும் வேண்டாம். கட்டணமும் கிடையாது. காட்டிலாகா அனுமதி, வழிகாட்டி, நுழைவுச்சீட்டு என்று பழகிய நமக்கு இதை நம்பவே கொஞ்ச நேரம் ஆகும்.

இங்கே பொதுவழி உரிமை என்று ஒன்று இருக்கிறது. நிலம் தனியாருடையதாகவே இருக்கும். கோதுமை விளையும், ஆடு மேயும். ஆனால் அதன் குறுக்கே காலங்காலமாக மக்கள் நடந்துவந்த தடம் சட்டப்படி பொதுவழி. அதை மறிக்க நிலக்காரருக்கு உரிமை இல்லை. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்த்து இப்படிப்பட்ட வழிகள் சுமார் 2,25,000 கி.மீ. இருக்கின்றன. எல்லாம் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும், நெடுந்தூர நடைபாதைகளான நெடுவழிகளுக்கும் அடித்தளம் போட்ட சட்டம் 1949-ல்தான் வந்தது. சவுத் டவுன்ஸ் வே 1972-ல் திறக்கப்பட்டது. அது ஓடும் குன்றுகள் தேசியப் பூங்கா ஆனது 2010-ல்.

அப்படியானால் பிடித்த இடத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். நடப்பது உங்கள் உரிமை, படுப்பதற்கு அனுமதி வேண்டும். சட்டம் உங்களுக்குக் கொடுப்பது கடந்துபோகும் உரிமை மட்டுமே. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டுநிலம், புல்குன்று போன்ற இடங்களில் தடத்தை விட்டு விலகி உலவவும் இடம் கொடுத்தது. ஆனால் அங்கேயும் கூடாரம் போடும் உரிமையைக் கொடுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் கதை வேறு, 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பொறுப்போடு முகாமிடலாம். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து வருபவர்கள் நிறைய.

இங்கிலாந்தில் விதிவிலக்கு என்று சொல்லத் தக்கது தென்மேற்கில் இருக்கும் டார்ட்மூர் மேட்டுநிலம். அங்கேயுள்ள பொதுமேய்ச்சல் நிலங்களில் கூடாரம் போடலாம் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அர்த்தம் சொல்லிவந்தார்கள். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இல்லை என்றது. அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த 'உண்டு' என்பதையே உறுதி செய்தது. ஒரு ராத்திரி படுத்துத் தூங்குவதற்கு மூன்று நீதிமன்றம்!

சவுத் டவுன்ஸில் அந்தச் சலுகை இல்லை. இருட்டிய பிறகு ஓரமாகக் கூடாரம் போட்டு விடிவதற்குள் கிளம்பிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பொதுவாகக் குற்றவியல் வழக்காகாது, ஆனால் நிலக்காரர் எழுப்பி 'கிளம்புங்கள்' என்றால் அந்த நேரத்தில் கிளம்பத்தான் வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை. காதை வெளியே வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அதனால் என் திட்டம் எப்போதும் பின்னாலிருந்துதான் தொடங்கும். முதலில் படுக்க இடம் பதிவு செய்வேன். அங்கிருந்து ஒரு பகல் தூரம் பின்னோக்கி எண்ணி, நடை தொடங்கும் இடத்தை முடிவு செய்வேன்.

இந்தத் துண்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

முடிவில் பாதையை ஒட்டியே முகாம் இருக்கிறது, தொடக்கமும் முடிவும் ரயிலுக்குப் பக்கம், நடுவில் தண்ணீர் கிடைக்கிறது. இந்த மூன்றும் ஒரே நாளில் அமைவது அபூர்வம்.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

விக்டோரியா நிலையத்திலிருந்து ஷோரம்-பை-சீக்கு ரயில். ஒன்றேகால் மணி நேரம், சில ரயில்களுக்குக் கொஞ்சம் கூட. அங்கிருந்து அடுர் ஆற்றை ஒட்டி, பழைய ரயில் தண்டவாளம் கிடந்த தடத்திலேயே வடக்கே ஐந்தாறு கி.மீ. நடந்தால் பாலம் வந்துவிடும். மட்டமான பாதை. எதிர்க்கரையில் லான்சிங் கல்லூரியின் தேவாலயம் ஒரு கப்பல் மாதிரி நின்றுகொண்டே கூட வரும். அந்தத் தூரத்தை மிச்சப்படுத்த நினைத்தால் அப்பர் பீடிங் வரை பேருந்தில் போகலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் பேருந்தைத்தான் சொல்வேன். முதுகில் பத்துக் கிலோ இருக்கும்போது ஆறு கி.மீ. என்பது மாலையில் கணக்குக் கேட்கும்.

எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம் ஆகும்?

பாலத்திலிருந்து ஹவுஸ்டீன் பண்ணை வரை ஏறத்தாழ 23 கி.மீ. மொத்த ஏற்றம் 600 மீட்டருக்குக் குறையாது. நடையாளர்கள் 1892-லிருந்து பயன்படுத்தும் நெய்ஸ்மித் கணக்கு ஒன்று உண்டு. 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட. அதன்படி ஐந்தரை மணி, ஐந்தே முக்கால் மணி வரும். நெய்ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், நல்ல நடைக்காரர். கூடாரம் சுமந்து, படம் எடுத்து, தேநீர் குடித்து, சாக்ஸ் மாற்றி நடக்கும் நமக்கு எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை ஆறுக்கு முகாம்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை. ஜூன் கடைசியில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே எழுந்து இரவு ஒன்பதே காலுக்குத்தான் மறையும். ஆகவே அவசரமே வேண்டாம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், முகாம்களும் மூடியிருக்கும். வெயில் நாளையும் நம்ப வேண்டாம். குன்றின் முதுகில் நிழல் என்பதே கிடையாது. இருபத்துநாலு டிகிரிதானே என்று தொப்பி இல்லாமல் போய்க் கழுத்து தோலுரிந்து வந்த சென்னைக்காரர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால்தான் மேற்கிலிருந்து கிழக்கே நடக்கச் சொல்கிறேன். முகத்தில் அறையும் மழைக்கும் முதுகில் தட்டும் மழைக்கும் வித்தியாசம் பெரிது.

வழி தவறிவிடாதா?

மற்ற பொதுவழிகளைவிட இங்கே வாய்ப்பு குறைவு. தேசிய நெடுவழிகளின் சின்னம் ஓக் மரத்தின் கொட்டை. கம்பங்களில் அந்தச் சின்னம் இருக்கும். அம்புக்குறியின் நிறத்துக்கும் பொருள் உண்டு. மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். இந்தப் பாதை பெரும்பாலும் நீலம். சைக்கிள்காரர்கள் நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். இறக்கத்தில் வேகமாக வருகிறவருக்கு அது உடனே ஞாபகம் வராது. பின்னால் மணிச்சத்தம் கேட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

குதிரை வரும் வழி என்பதால் இன்னொரு லாபம் இருக்கிறது. இங்கிலாந்தின் மற்ற வயல்வழிகளில் வேலிக்கு வேலி மரப்படி ஏறிக் குதிக்க வேண்டும், கனமான பையோடு அது தண்டனை. இங்கே எல்லாம் கேட்டுகள்தான். குதிரையில் உட்கார்ந்தபடியே திறக்க நீளமான கைப்பிடி வைத்திருப்பார்கள். மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்ததைத் திறந்தே விடுங்கள். மூடியிருந்தால் அதற்குள் ஆடு இருக்கிறது, திறந்திருந்தால் ஆடு தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கிறது.

பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்11 வரைபடம் இந்த முழு நாளையும் உள்ளடக்கும். போனிலும் பார்க்கலாம், ஆனால் காகிதம் ஒன்று பையில் இருக்கட்டும். போன் மழையில் நனைந்தால் தொடுதிரை தன் இஷ்டத்துக்கு ஆடும்.

தண்ணீர் கிடைக்குமா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்கிறவர்கள் விவரமானவர்கள். பச்சைப்பசேல் என்று இருக்கும் நாட்டில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். ஆனால் இந்தக் குன்றுகள் முழுக்கச் சாக்பீஸ் மாதிரி வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் பஞ்சுபோல உள்ளே இழுத்துவிடும். மேலே ஓடையே கிடையாது. உள்ளே இறங்கிய தண்ணீர் அடிவாரத்தில் களிமண் தடுக்கும் இடத்தில் ஊற்றாக வெளியே வரும். கிராமங்கள் எல்லாம் வடக்கு அடிவாரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பது அதனால்தான். ஃபுல்கிங் கிராமத்தில் மதுக்கடையை ஒட்டி அப்படி ஓர் ஊற்று பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் அங்கேதான் ஆடுகளைக் கழுவினார்கள்.

மேலே ஆடுகளுக்காக மனிதர் வெட்டிய குட்டைகள் இருக்கின்றன. களிமண்ணை மிதித்துத் தளம் போட்டு மழைநீரைப் பிடித்துவைப்பார்கள். அதற்குப் பனிக்குட்டை என்று பெயர். பனியால் நிறைவதில்லை, மழையால்தான் நிறைகிறது, ஆனாலும் பெயர் அப்படி. அதில் குடிக்க வேண்டாம்.

நடப்பவர்களுக்கென்று வைத்த குழாய்கள் பாலத்துக்குப் பக்கத்திலும், சாடில்ஸ்கோம் பண்ணையிலும், ஹவுஸ்டீன் பண்ணையிலும் இருக்கின்றன. சாடில்ஸ்கோமில் ரொப்பாமல் விட்டால் அடுத்தது ராத்திரிதான். ஆளுக்கு இரண்டு லிட்டர் கொள்ளும் பாட்டில் வேண்டும். வெயில் நாள் என்றால் மூன்று.

பாதையில் பார்க்க என்ன இருக்கிறது?

தொடங்கியதுமே ஒரு ஏற்றம். ஆற்று மட்டத்திலிருந்து 216 மீட்டர் உயர ட்ரூலி ஹில் வரை மூச்சு வாங்கவைக்கும். மழை பெய்திருந்தால் ஜாக்கிரதை. நனைந்த சுண்ணாம்புப் பாறை சோப்புக்கட்டிதான். முதல் தடவை அங்கேதான் நான் பின்பக்கமாக உட்கார்ந்து நாலடி வழுக்கினேன். பின்னால் வந்த பாட்டி ஒருவர், எழுபது வயதுக்குக் குறையாது, ஊன்றுகோலை நீட்டி எழுப்பிவிட்டு முன்னால் போய்விட்டார். அன்று முழுக்க அவரை எட்டிப்பிடிக்க முடியவில்லை.

மேலே ஏறிவிட்டால் பாதை குன்றின் முதுகெலும்பு மேலேயே போகும். இடதுபக்கம் கீழே வீல்ட் சமவெளி, வயலும் வேலியும் தேவாலயக் கோபுரமுமாக விரிந்து கிடக்கும். வலதுபக்கம் பிரைட்டன், அதற்கப்பால் கடல். கடலில் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் 116. அந்தக் காற்றாலைப் பண்ணைக்கு ராம்பியன் என்று பெயர். அது இந்தக் குன்றுகளில் கோடையில் பூக்கும் நீலநிறப் பூ ஒன்றின் பெயர், சசெக்ஸ் மாவட்டத்தின் பூவும் அதுதான். தலைக்கு மேலே வானம்பாடி. ஆளைத் தேடினால் கிடைக்காது, குரல் மட்டும் மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் டெவில்ஸ் டைக், அதாவது சாத்தான் வெட்டிய கால்வாய். நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆழத்தில் தண்ணீரே இல்லாத ஒரு பள்ளத்தாக்கு. சமவெளியில் கோயில்கள் பெருகுவது பொறுக்காத சாத்தான், கடலை உள்ளே விட்டு எல்லாவற்றையும் மூழ்கடிக்க ஒரே ராத்திரியில் வாய்க்கால் வெட்ட ஆரம்பித்தானாம். ஒரு கிழவி மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, சேவலையும் கூவ வைத்துவிட்டாள். விடிந்துவிட்டது என்று சாத்தான் பாதியிலேயே ஓடிவிட்டான். அகலிகை கதையில் பொய்யாகக் கூவிய சேவலை நினைத்துக்கொண்டேன். எந்த ஊரிலும் சேவலை நம்பக்கூடாது போலிருக்கிறது. புவியியல் சொல்வது வேறு. பனியுகத்தில் உறைந்து கிடந்த சுண்ணாம்புப் பாறை மேல், உருகிய பனியும் சேறும் வழிந்து அரித்த பள்ளம் அது. விக்டோரியா காலத்தில் இங்கே ரயிலே வந்தது. 1894-ல் பள்ளத்துக்குக் குறுக்கே கம்பியில் தொங்கும் வண்டிகூட ஓட்டினார்கள். இன்று மிச்சம் சில கான்கிரீட் துண்டுகள்தான்.

சாடில்ஸ்கோமுக்கு இறங்கி, மறுபடி ஏறி இறங்கினால் பைகோம் கிராமம். ஏ23 நெடுஞ்சாலையைக் கடந்ததும் மறுபடி ஏற்றம். உச்சியில் இரண்டு காற்றாலைகள், கறுப்பு ஜாக், வெள்ளை ஜில். தானியம் அரைத்த பழைய காற்றாலைகள். ஜில் 1821-ல் பிரைட்டனில் கட்டப்பட்டு, 1852-ல் மாடுகள் பூட்டி இழுத்து இங்கே கொண்டுவரப்பட்டது. முழு ஆலையை மாட்டில் பூட்டி மலையேற்றியிருக்கிறார்கள். நான் பத்துக் கிலோவுக்கு முனகிக்கொண்டிருந்த இடம் அது.

இந்த நாளின் உச்சி டிட்ச்லிங் பீக்கன், 248 மீட்டர். கார் நிறுத்துமிடம் இருப்பதால் கூட்டம் இருக்கும், பெரும்பாலும் ஐஸ்கிரீம் வண்டியும் இருக்கும். நடந்து வந்தவர்களுக்கு அந்த ஐஸ்கிரீம் மேல் தனி உரிமை உண்டு என்பது என் கட்சி. அங்கிருந்து ஒரு கி.மீ. தள்ளிவிட்டால் மறுபடி ஆளரவம் இருக்காது. பிளாக்கேப் மேட்டைத் தாண்டித் தெற்கே திரும்பி, மாலை வெயில் ஒருபக்கம் சாய, பண்ணையை நோக்கி இறக்கம்.

இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் இந்தப் பக்கம்தான் என்கிறார்களே?

ஆமாம், சத்ரி. ஜாக், ஜில் ஆலைகளிலிருந்து தெற்கே இரண்டு, மூன்று கி.மீ. விலகிப் போக வேண்டும். திரும்பி வரவும் அவ்வளவு. நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் களத்தில் காயம்பட்ட இந்திய வீரர்களைப் பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். குவிமாடங்களோடு இந்தியப் பாணியில் கட்டிய ராயல் பெவிலியன் அரண்மனையையே மருத்துவமனை ஆக்கினார்கள். இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை இந்தக் குன்றின் மேல் சிதையில் எரித்தார்கள். இஸ்லாமிய வீரர்கள் வோக்கிங்கில் அடக்கம் செய்யப்பட்டார்கள். சிதைமேடைகள் இருந்த இடத்தை மூன்று கருங்கல் பலகைகள் மூடியிருக்கின்றன. அதற்கு மேல் எண்கோணமாகத் தூண்கள், வெள்ளைப் பளிங்குக் குவிமாடம். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார்.

வாசலில் கார் போய் நிற்காது, நடந்துதான் போக வேண்டும். நான் போனபோது வேறு யாரும் இல்லை. சுற்றிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. படியில் யாரோ வைத்துவிட்டுப் போன கடையில் வாங்கிய சாமந்திக் கொத்து, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், விலைச்சீட்டோடு கிடந்தது. உறையைப் பிரித்து வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்தவர் அப்படியே வைத்திருக்கிறார், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

வயலில் மாடு நின்றால்?

பயப்பட வேண்டாம், ஆனால் ஊர் மாட்டைத் தட்டிக்கொடுப்பது மாதிரி கிட்டேயும் போக வேண்டாம். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நுழையாதீர்கள். சுற்றி வளைத்துப் போங்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். பொதுவழி போகும் வயலில் பால்மாட்டு இனக் காளையை விடக்கூடாது என்று 1981-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இறைச்சி இனக் காளை பசுக்களோடு சேர்ந்து நின்றால் பரவாயில்லையாம். எதிரே நிற்பது எந்த இனம் என்று யார் போய்ப் பார்ப்பது?

பையில் என்னென்ன வேண்டும்?

எதை விடுவது என்பதுதான் கேள்வி. ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு சின்னக் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்க ஒரு மெத்தை. மெத்தையை மிச்சப்படுத்தாதீர்கள். ஜூலையிலும் ராத்திரி தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, மாற்று சாக்ஸ் இரண்டு, நெற்றியில் கட்டும் விளக்கு, சின்ன எரிவாயு அடுப்பு, லைட்டர், முதலுதவி. பைக்குள்ளே பெரிய குப்பைப்பை ஒன்றை உறையாகப் போட்டு அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். 'நனையாது' என்று எழுதி விற்கும் பை நனையும். பேன்ட் ஜீன்ஸாக இருக்கவே கூடாது. நனைந்தால் கனக்கும், காயாது, தொடையை அறுக்கும்.

தண்ணீரும் சாப்பாடும் சேர்த்து பத்துக் கிலோவுக்குள் நிறுத்துங்கள்.

சாப்பாடு?

பகலுக்குப் புளியோதரை. கெடாது, சூடு வேண்டாம், ஸ்பூன்கூட வேண்டாம். கடலை மிட்டாய் ஒரு பாக்கெட். டெவில்ஸ் டைக்கில் மதுக்கடையும் சாடில்ஸ்கோமில் தேநீர்க் கடையும் உண்டு, திறந்திருக்கும் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மதுக்கடை என்றால் குடித்தே ஆக வேண்டும் என்றில்லை. டீயும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்டால் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள். மேசைக்கு ஆள் வருவார் என்று உட்கார்ந்திருக்காமல் கவுண்டரில் போய்ச் சொல்ல வேண்டும். பூட்ஸ் சேறாக இருந்தால் வெளியே உட்காருங்கள்.

ராத்திரிக்கு என் வழக்கம் உப்புமா. வீட்டிலேயே கடுகு, உளுந்து, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, ரவையை அதிலேயே நன்றாக வறுத்து, உப்புப் போட்டு ஆறவைத்து ஒரு ஜிப் உறையில் கட்டிவிடுவேன். முகாமில் ஒன்றுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கொதிக்கவைத்து, ரவையைக் கொட்டிக் கிளறி, மூடி, பாத்திரத்தைக் கம்பளிச் சட்டையில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால் போதும். வீட்டில் உப்புமா என்றால் முகம் சுளிக்கிறவர்கள் அங்கே பாத்திரத்தை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலில் கொப்புளம் வந்தால்?

வருவதற்கு முன்னால் அந்த இடம் சூடாக உறுத்தும். அப்போதே நின்று, சாக்ஸைக் கழற்றி, டேப் ஒட்டுங்கள். 'அடுத்த கேட் வரை போய்ப் பார்ப்போம்' என்றால் அடுத்த கேட்டில் கொப்புளம் இருக்கும். புது பூட்ஸை இந்த நடைக்கென்று முதன்முதலாகப் போடாதீர்கள்.

கழிப்பறை?

டெவில்ஸ் டைக்கில் இருக்கிறது, முகாமில் இருக்கிறது. நடுவில் அவசரமென்றால் பாதையை விட்டு நன்றாக விலகி, தண்ணீர்ப் பக்கம் போகாமல், ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தை ஒரு பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். அதற்கு ஒரு சின்ன மண்வாரி விற்கிறார்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம், நான் இரண்டு முறை தனியாகத்தான் போனேன். தனியாக நடக்கும் பெண்களும் நிறையத் தென்படுவார்கள். எங்கே, எத்தனை மணிக்குள் சேருவேன் என்று ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள், சேர்ந்ததும் அவருக்குத் தகவல் கொடுங்கள். ஆபத்துக்கு 999 அல்லது 112.

உண்ணி கடிக்குமா?

உயரமான புல்லில் உட்கார்ந்தால் ஏறலாம். ராத்திரி படுக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். நசுக்கவோ தீ வைக்கவோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்பு பரவினால் மருத்துவரைப் பாருங்கள், லைம் நோயாக இருக்கலாம். பாதையோரச் செடி சுருக்கென்று சுட்டால் அது நம்மூர்க் காஞ்சொறிக்கு ஒன்றுவிட்ட தம்பி. அரை மணியில் அடங்கிவிடும்.

முகாமில் இரவு எப்படி இருக்கும்?

பண்ணை முகாம் என்றால் பெரும்பாலும் ஒரு புல்வெளி, ஒரு குழாய், கழிப்பறை, சில இடங்களில் வெந்நீர்க் குளியல். ஆளுக்குப் பத்திலிருந்து இருபது பவுண்டு வரை ஆகும். கோடை வார இறுதிக்கு முன்பே பதிவு செய்யுங்கள்.

கூடாரத்தை வெளிச்சத்திலேயே போடுங்கள். நான் முதல் முறை செய்த தப்பைச் சொல்கிறேன். காற்றுக்குப் பயந்து, புல்வெளியிலேயே தாழ்வான மூலையாகப் பார்த்துப் போட்டேன். காற்று வரவில்லை. ராத்திரி குளிர்காற்றெல்லாம் அந்தப் பள்ளத்தில் வந்து தேங்கிவிட்டது. நாலு மணிக்கு விழித்தபோது மூக்கு நுனியில் ஒரு சொட்டு. மழை என்று நினைத்து விளக்கைப் போட்டால் கூடாரத்தின் உள்துணி முழுக்க முத்து முத்தாக நீர், எல்லாம் என் மூச்சு. இரண்டு பக்கமும் இறுக்கி மூடியிருந்தேன். லேசாகக் கைபட்டதும் ஒட்டுமொத்தமாகத் தலையில் கொட்டியது. அதற்கப்புறம் கொஞ்சம் மேடான இடம், மேல்பக்கம் நாலு விரல் திறந்த ஜிப்.

அமைதியை எதிர்பார்த்து வராதீர்கள். ஹவுஸ்டீன் ஏ27 சாலையை ஒட்டியே இருக்கிறது, வண்டிச் சத்தம் கேட்கும். பத்தரைக்கு மேல் குறையும், பிறகு ஆடுகளின் முறை. ஆடு ராத்திரியில் இருமும். மனிதர் இருமுவது போலவே இருக்கும், கூடாரத்துக்கு இரண்டடி தள்ளி. தெரிந்துகொண்டு படுப்பது நல்லது.

மறுநாள் எப்படித் திரும்புவது?

சாலையோர சைக்கிள் தடத்தில் மேற்கே மூன்று கி.மீ.க்குள் ஃபால்மர் ரயில் நிலையம். பிரைட்டன் போய் லண்டன் ரயில் பிடிக்கலாம். நிலையத்தை ஒட்டிப் பெரிய கால்பந்து மைதானம் இருக்கிறது. ஆட்டம் உள்ள நாளில், ஆட்டம் தொடங்கும், முடியும் நேரத்தில் பெரிய பையோடு அந்த நடைமேடையில் நிற்காதீர்கள். கால் இன்னும் ஒத்துழைத்தால் கிழக்கே லூயிஸ் நகரம் வரை நடந்துவிடலாம். 1264-ல் மன்னர் மூன்றாம் ஹென்றியை சைமன் டி மான்ட்ஃபோர்ட் தோற்கடித்த போர் அந்த ஊரை ஒட்டிய குன்றுச்சரிவில்தான் நடந்தது. அங்கே இட்லி கிடைக்காது, நல்ல காலை உணவு கிடைக்கும்.

கூடாரம் காலையில் ஈரமாகத்தான் இருக்கும். அப்படியே சுருட்டிக்கொண்டு போய், வீட்டில் குளியலறைக் கம்பியில் விரித்துக் காயவையுங்கள். இரண்டு நாள் பைக்குள்ளேயே விட்டால் பூசணம் பிடித்து நாறும்.

பூட்ஸில் ஒட்டிய வெள்ளைச் சேறு போகவே மாட்டேன் என்கிறதே?

ஈரமாகத் தேய்த்தால் பரவத்தான் செய்யும். காயவிட்டுப் பழைய பல்துலக்கியால் தட்டுங்கள், தூளாக உதிர்ந்துவிடும். தையல் இடுக்கில் இருப்பது மட்டும் போகாது.